கல் மூங்கிலில் சைக்கிள் ஃப்ரேம்: வேலூர் வெயிலில் செய்வது எப்படி?

மூங்கில் ஃப்ரேம் பற்றிக் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. "அறையைச் சூடாக்குங்கள், இல்லையென்றால் ரெசின் (மூட்டுகளை ஒட்டும் பிசின்) இறுகாது" என்பார்கள். ஏப்ரலில் வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து அதைப் படித்தால் சிரிப்புதான் வரும். நமக்கு இருப்பது நேர் எதிரான தொல்லை. ரெசின் கிண்ணத்திலேயே இறுகிவிடும், மூங்கில் காய்ந்து வெடிக்கும், ஐப்பசி மழையில் பூச்சு வெளுக்கும். அதனால் இந்தச் செய்முறையில் அளவுகளைவிட மாதங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். சைக்கிளைப் பிரித்து மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

"மூங்கில் தாங்குமா?" என்பது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. 1894-லேயே லண்டனில் மூங்கில் சைக்கிள் விற்பனைக்கு வந்துவிட்டது. பிறகு மறந்துபோனதை 1990-களின் நடுவில் கலிபோர்னியாவின் கிரெய்க் கால்ஃபீ மறுபடி கையில் எடுத்தார். அவருடைய நாய் ஒரு மூங்கில் கழியைக் கடித்துப் பார்த்தும் அது உடையவில்லை, அங்கிருந்துதான் யோசனை பிறந்தது என்பார்கள். கார்பன் ஃப்ரேம் செய்து பெயர் வாங்கிய மனிதர் அவர். பின்னால் கானா நாட்டில் போய் மூங்கில் சைக்கிள் செய்யக் கற்றுக்கொடுத்தார். ஆக, தாங்கும். இணைப்புகள் தாங்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எந்த மூங்கில், எங்கே

கல் மூங்கில். வேறு எதையும் தேட வேண்டாம். ஜவ்வாது மலை, ஏலகிரி மாதிரி வறண்ட மலைகளில் வளர்கிற, சுவர் தடித்த, சில இடங்களில் உள்ளே ஓட்டையே இல்லாத ரகம். போலீஸ் லத்தி, கூடாரக் கம்பு எல்லாம் இதில் செய்வதுதான். மழை குறைந்த இடத்தில் வளர்ந்தால் இன்னும் கெட்டியாக இருக்கும். அந்த வகையில் வடாற்காட்டின் வறட்சி நமக்கு லாபம்.

கூடை, முறம் பின்னுகிறவர்களிடம் போய்க் கேட்காதீர்கள். அவர்களுக்கு வேண்டியது மெல்லிய சுவரும் நீண்ட கணுவிடையும் உள்ள மூங்கில். ஏணி செய்கிறவர்களிடம் கேளுங்கள். அவர்கள் கண் நம் கண்ணுக்கு ஒத்துவரும். சாரம் கட்டிக் கழித்த பழைய மூங்கில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஆணி ஓட்டையும் கண்ணுக்குத் தெரியாத கீறலும் இருக்கும், வேண்டாம்.

மலைக்குப் போய் நாமே வெட்டிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். காட்டு மூங்கிலை அனுமதி இல்லாமல் வெட்டுவது குற்றம். 2017-ல் வனச் சட்டத்தைத் திருத்தியபோது காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் பட்டா நிலத்து மூங்கிலை வாங்குவதில் சிக்கல் இல்லை.

மூன்று, நான்கு வயதுக் கழியாகப் பாருங்கள். இளசு பளபளவென்று பச்சையாக, கணுவில் உறை ஒட்டிக்கொண்டு இருக்கும். முற்றினது மங்கி, மேலே சாம்பல் திட்டுகளோடு இருக்கும். தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பூத்துவிட்ட புதரிலிருந்து எடுத்த கழி வேண்டவே வேண்டாம், சீக்கிரம் நொறுங்கும்.

வெட்டுவது தை, மாசியில். அப்போது தண்டில் மாவுச்சத்து குறைவு, மாவுச்சத்து குறைந்தால் உளுக்காது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். அதையும் சேர்த்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தோராயமான வெளி விட்டம்: கீழ்க் குழாய்க்கு 38 முதல் 42 மி.மீ., மேல் குழாய்க்கு 32 முதல் 38, சீட் குழாய்க்கு 38 முதல் 40, பின்பக்கம் கீழே போகும் இரண்டு கழிகளுக்கு 20 முதல் 25, மேலே போகும் இரண்டுக்கு 18 முதல் 22. பெரிய குழாய்களில் சுவர் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பின்பக்கக் கழிகள் நான்கும் முழுக்கெட்டியாகவே இருக்கட்டும். கொஞ்சம் எடை ஏறும், பரவாயில்லை.

உளுக்காமல், வெடிக்காமல் காய வைப்பது

முதலில் கணுக்களைத் துளைத்துவிடுங்கள். 6 மி.மீ. கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஒரு முனையிலிருந்து உள்ளே செலுத்தினால் ஒவ்வொரு தடுப்பாக ஓட்டை விழும். புல்லாங்குழல் செய்கிறவர்கள் துளையிடுவதும் இப்படித்தான். இதை விட்டுவிட்டு பிறகு நெருப்பில் வாட்டினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து பட்டாசு மாதிரி வெடிக்கும்.

அடுத்து மருந்து. வெண்காரம் ஒன்றரைப் பங்கு, போரிக் அமிலம் ஒரு பங்கு, இரண்டும் சேர்ந்து 5 சதவீதம் வருமாறு தண்ணீரில் கரைக்க வேண்டும். வெந்நீரில் சீக்கிரம் கரையும். ஊறப்போட நீளமான தொட்டி கிடைக்காது. 4 அங்குல பி.வி.சி. பைப்பின் ஒரு முனையை மூடிச் சுவரில் சாய்த்து வைத்தால் அதுவே தொட்டி. இரண்டு வாரம் ஊறட்டும். மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், போரான் அதிகமானால் செடி கருகும்.

பிறகு நிழலில், செங்குத்தாக நிறுத்திக் காய வைக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம். மாசியில் தொடங்கினால் கத்திரி வெயிலைத் தாண்டித்தான் முடியும். மொட்டை மாடியில் போட்டால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். காயும், கூடவே நீளவாக்கில் பிளந்தும்விடும். வெளிப்பக்கம் சுருங்கும் வேகத்துக்கு உள்பக்கம் சுருங்காததுதான் காரணம். அறைக்குள் நிறுத்தி, வெட்டுமுனைகளில் மெழுகு பூசிவிடுங்கள். தேவைக்குக் கூடுதலாகவே கழிகள் வாங்குங்கள், எப்படியும் சில பிளக்கும். கத்திரியில் பிளக்காமல் தப்பிய கழியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். இந்த ஊர் வெயிலே ஒரு சோதனைக்கூடம்தான்.

காய்ந்ததும் கேஸ் டார்ச்சால் வாட்டலாம். மேலே எண்ணெய் மாதிரி வியர்க்கும், பழந்துணியால் துடைத்துக்கொண்டே போங்கள். பச்சை மாறித் தேன் நிறம் வந்தால் போதும், கருக விடாதீர்கள். லேசான வளைவு இருந்தால் சூட்டோடு சூடாக நிமிர்த்திக்கொள்ளலாம்.

உலோகத் துண்டுகள்

காயலான் கடையில் ஒரு பழைய இரும்பு சைக்கிள் வாங்கினால் போதும். ஹேண்டில் நுழையும் முன் குழாய், பெடல் அச்சு ஓடும் பி.பி. குழாய், சீட் குழாயின் மேல் துண்டு 12 செ.மீ. அளவு, பின் சக்கரம் உட்காரும் இரண்டு தகடுகள், இவற்றை வெட்டி எடுங்கள். பி.பி. குழாயோடு அதே சைக்கிளின் கப்புகளையும் (பெடல் அச்சைத் தாங்கும் மரை போட்ட கிண்ணங்கள்) வைத்துக்கொள்ளுங்கள், மரை அளவு பொருந்துமா என்ற தலைவலி இருக்காது. கழற்றும்போது செயின் பக்கத்துக் கப்புக்கு இடது மரை என்பதை நினைவில் வையுங்கள். வழக்கமான திசையில் பலம் போட்டால் இன்னும் இறுகும்.

முன் ஃபோர்க்கை மட்டும் மூங்கிலில் செய்யாதீர்கள். இரும்பு ஃபோர்க் போடுங்கள். ஃபோர்க் உடைந்தால் விழுவது முகம்.

சக்கரம் வாங்கும்போது '26 இஞ்ச்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எம்.டி.பி. (மலை சைக்கிள்) வகை 26-க்கு ரிம் 559 மி.மீ., பழைய ரோட்ஸ்டர் வகை 26-க்கு 590. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஊர் சைக்கிளின் 28 என்றால் 635. நான் 559-ஐத்தான் சொல்வேன். டயர் எங்கும் கிடைக்கும், அகலமாகவும் இருக்கும்.

வரைபடமும் தாங்கியும்

உங்கள் உடம்புக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சைக்கிளை அளந்து, அந்த அளவையே 19 மி.மீ. பிளைவுட்டில் முழு அளவில் வரைந்துகொள்ளுங்கள். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். முன் குழாயின் சாய்வு 71 டிகிரி, சீட் குழாய் 73, பின் அச்சிலிருந்து பி.பி. மையத்துக்கு 430 மி.மீ., பி.பி. மையம் சக்கர அச்சுக் கோட்டுக்கு 60 மி.மீ. கீழே. நம் சாலைக்கும் வேகத்தடைகளுக்கும் இது சாதுவான வண்டி. கோட்டின் மேல் மரக்கட்டைகளை ஆணியடித்து உலோகத் துண்டுகளை இடத்தில் நிறுத்துங்கள், இதுதான் தாங்கி. பின் தகடுகளுக்கு நடுவே ஒரு த்ரெட் ராடும் நான்கு நட்டும் போட்டு, உங்கள் பின் சக்கர ஹப்பின் அகலத்துக்கு இறுக்கிவிடுங்கள்.

அலுமினிய ஸ்லாட்டட் சட்டம் வைத்துத் தாங்கி செய்வதைப் பெருமையாகக் காட்டுவார்கள். ஒரே ஒரு ஃப்ரேம் செய்ய பிளைவுட்டும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் தாராளம்.

வெட்டிப் பொருத்துவது

கழியை அளக்கும்போது கணு ஒவ்வொரு முனைக்கும் பக்கத்தில் வருமாறு பாருங்கள், பிளவு அங்கே நின்றுவிடும். முனையை மீன்வாய் வடிவில் குடைந்து அடுத்த குழாயின் மேல் உட்கார வைக்க வேண்டும். இரும்புக் குழாய்க்குக் கணினியில் அச்சடிக்கும் காகித அச்சு மூங்கிலுக்கு உதவாது, மூங்கில் எங்கும் சரியான வட்டமாக இருப்பதில்லை. ரம்பத்தால் தோராயமாக வெட்டி, அரைவட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வைத்துப் பாருங்கள். மோட்டார் பொருத்திய கருவி எதுவும் இங்கே தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு நொடியில் அதிகம் தின்றுவிடும். இடைவெளி 1 மி.மீ.க்குள் இருந்தால் சரி.

இப்போது சீட் குழாய். இரும்புத் துண்டை மூங்கிலுக்குள் இறுக்கமாகத் தட்டிச் செருகாதீர்கள். மூங்கில் வெயிலில் சுருங்கும், இரும்பு சுருங்காது, நடுவில் பிளவுதான் மிஞ்சும். சுற்றிலும் ஒரு மி.மீ. இடம் இருக்குமாறு உள்ளே குடைந்து, அந்த இடத்தை எபாக்ஸி பசையால் நிரப்புங்கள். அதற்கு முன்பே மூங்கிலின் மேல்முனையைச் சுற்றி நார் கட்டி ரெசின் பூசி இறுக விட்டுவிடுங்கள். முன் குழாயும் பி.பி. குழாயும் மூங்கிலுக்கு வெளியே நிற்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஒட்டப்போகும் இடங்களில் மூங்கிலின் பளபளப்பான மேல்தோலை எடுக்க வேண்டும். அதில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் எபாக்ஸி பிடிக்காது. ஆனால் மூங்கிலின் பலம் முழுவதும் அந்தத் தோலுக்குச் சற்றுக் கீழே நெருக்கமாக ஓடும் நாரில்தான். 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து உடனே நிறுத்துங்கள். நார் தெரிந்தால் ஆழம் அதிகம். இரும்புத் துண்டுகளிலும் பெயின்ட் முழுக்கப் போக வேண்டும். அரத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படக் கூடாது.

மூங்கில் தூளை எபாக்ஸியில் பிசைந்த பசையால் எல்லா மூட்டுகளையும் முதலில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் நேர் பார்க்கலாம். ஒரு பின் தகட்டில் நூலைக் கட்டி, முன் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து அடுத்த தகட்டில் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சக்கரத்தை மாட்டிப் பார்த்து, பிறகு திருப்பிப் போட்டும் பாருங்கள். கோணல் இருந்தால் இப்போது அறுத்து மறுபடி ஒட்டுவது சுலபம், நார் சுற்றிய பிறகு முடியாது.

ரெசின்: என்னை நிறைய நாள் நிறுத்தி வைத்த இடம்

பாலியெஸ்டர் ரெசின் வேண்டாம். ஃபைபர் ஷீட், கதவு செய்யும் பட்டறைகளில் மலிவாகக் கிடைப்பது அதுதான். இறுகும்போது சுருங்கும், மூங்கிலோடு ஒட்டும் பிடிப்பும் குறைவு. எபாக்ஸிதான் வேண்டும். நான் பயன்படுத்துவது எல்.ஒய். 556 ரெசினும் அதை இறுக வைக்கும் எச்.ஒய். 951 ஹார்ட்னரும். சென்னைக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லி வாங்கிவரலாம். எடைக்கு எடை 100-க்கு 10. கண்ணளவு, மூடியளவு எல்லாம் கூடாது, கிராம் காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள்.

எபாக்ஸி இறுகுவது ஒரு வேதிவினை, அதில் சூடு பிறக்கும். அந்தச் சூடு வினையை இன்னும் வேகப்படுத்தும். 10 டிகிரி ஏறினால் நமக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். 25 டிகிரியில் அரை மணி நேரம் கையாளக்கூடிய கலவை 35-இல் கால் மணிதான். அதிலும் கிண்ணத்தில் மொத்தமாக இருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் திடீரென்று புகைந்து, பிளாஸ்டிக் கிண்ணம் நெளிந்து, கட்டியாகிவிடும். பங்குனி மதியத்தில் ஒரு மூட்டுக்கான நாரை நனைத்து முடிப்பதற்குள் இது நடந்துவிடும்.

இதற்கு நான் கண்ட வழிகள்: ஒரு தடவைக்கு 40 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. கலந்ததும் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிடுவேன், சூடு மேலே போய்விடும். ரெசின் டப்பாவை முந்தின இரவே மண்பானைத் தண்ணீர்ப் பக்கத்தில் வைத்துக் குளிர்த்திக்கொள்வேன், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஒரு சொட்டு ஈரமும் சேரக் கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டுக்குள் முடித்துவிடுவேன். இதெல்லாம் சரிதான், ஆனால் உண்மையான தீர்வு மாதத்தை மாற்றுவது. தை மாதம்தான் வேலூரில் ரெசின் மாதம். மழை ஓய்ந்திருக்கும், காற்று உலர்ந்திருக்கும், காலையில் 20 டிகிரி, மதியம் 30-ஐ ஒட்டி. மாசியில் வெட்டிய மூங்கில் அடுத்த தைக்கு அருமையாகக் காய்ந்தும் இருக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

இறுகின பிறகு வெயில் நண்பன். ஒரு நாள் நிழலில் இறுகியதும் ஃப்ரேமை மாடியில் சூடான மூடிய அறையில் ஒரு வாரம் விட்டால் பிடிப்பு இன்னும் உறுதியாகும்.

கையுறை கட்டாயம். ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு வாழ்நாள் முழுக்க அதன் பக்கம் போக முடியாது. இறுகினதைத் தேய்க்கும்போது முகமூடியும் வேண்டும்.

நார் சுற்றுவது

சணல் பார்க்க அழகு, பலத்துக்குக் கண்ணாடி நார். நான் உள்ளே கண்ணாடி நார் நாடா, மேலே கடைசிச் சுற்றுக்கு மட்டும் சணல் போடுகிறேன். சணல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அன்று காலை வெயிலில் உலர்த்திவிட்டுச் சுற்றுங்கள். தேங்காய் நார்க் கயிறு இழுத்தால் நீளும், அதனால் உதவாது. கார்பன் நார் வாங்க வசதி இருந்தால் சரி. உலோகத்தின் மேல் அது நேராகப் படக் கூடாது, அலுமினியம் என்றால் அரித்தே விடும். நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடி நார் போட வேண்டும்.

புதியவர்கள் குழாயைச் சுற்றிச் சுற்றியே கட்டுகிறார்கள். அது கழி பிளக்காமல் காக்கும், மூட்டைத் தாங்காது. நார் ஒரு குழாயிலிருந்து மூட்டைத் தாண்டி அடுத்த குழாய்க்கு ஓட வேண்டும். சாரம் கட்டுகிறவர்கள் கயிற்றைக் குறுக்குமாறாகப் போடுவதுபோல், எட்டு வடிவில், ஒவ்வொரு கோணத்திலும். மூட்டிலிருந்து 6, 7 செ.மீ. வரை நீட்டி, போகப்போகத் தடிமனைக் குறையுங்கள். திடீரென்று நின்றால் அந்த விளிம்பில் விசை சேர்ந்து மூங்கில் முறியும். மூட்டை ஒட்டி 5, 6 மி.மீ. தடிமன் வர வேண்டும். பி.பி. மூட்டுக்குக் கூடுதலாகவே சுற்றுங்கள், மிதிக்கும் விசை எல்லாம் அங்கேதான்.

சுற்றியதும் மேலே பாலித்தீன் தாள், அதன் மேல் பழைய டியூபை நாடாவாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். தாளில் ஊசியால் நிறையத் துளை போட்டால் உபரி ரெசினும் காற்றுக் குமிழும் வெளியே வரும். மறுநாள் பிரித்து அரமும் உப்புத்தாளும்.

பூச்சும் சோதனையும்

பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று கை. திறந்த முனைகள், கம்பி போட்ட துளைகள், குழாயின் உள்பக்கம் எல்லாவற்றுக்கும். ஃப்ரேம் மட்டும் இரண்டரை கிலோ அளவில் நிற்கும்.

ஓட்டுவதற்கு முன் சக்கரம் மாட்டி நிறுத்தி, சீட்டில் அரிசி மூட்டையைக் கட்டி ஒரு இரவு விடுங்கள். மூட்டுகளை நாணயத்தால் தட்டினால் எங்கும் ஒரே ஒலி வர வேண்டும். எங்காவது பொத்தென்று கேட்டால் உள்ளே ஒட்டவில்லை. முதல் ஓட்டம் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் கோட்டைச் சுற்றுச் சாலையில். 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.

பிறகு சேர்த்தவை

குடியாத்தத்திலிருந்து ஒருவர் தன் மூட்டுகள் வாரக் கணக்கில் ரப்பர் மாதிரியே இருப்பதாக எழுதினார். சீக்கிரம் இறுக ஹார்ட்னரை இரண்டு மடங்கு போட்டிருக்கிறார், ஃபைபர் பட்டறையில் அப்படித்தான் சொன்னார்களாம். பாலியெஸ்டரில் கெமிக்கலைக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் ஹார்ட்னரும் ரெசினோடு சேர்ந்து பிணையும் ஒரு பங்கு, மிஞ்சினால் இறுகாமலே கிடக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுற்றுவதைத் தவிர வழியில்லை.

இறுகிய ரெசின் மேல் வெள்ளையாக, பிசுபிசுவென்று ஒரு படலம் வருகிறது என்று பலர் கேட்டார்கள். ஈரக்காற்றில் ஹார்ட்னர் செய்யும் வேலை அது. பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் செய்தவர்கள். தண்ணீரும் நார்த் தேய்ப்பானும் வைத்துக் கழுவி, உலர்ந்த பிறகு தேய்த்து, அதற்கு மேல்தான் அடுத்த அடுக்கு. கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலம் உள்ளேயே அழுந்தி அடுத்த அடுக்கு பிடிக்காது.

செய்து முடித்த ஃப்ரேமின் கீழே மாவு மாதிரி கொட்டுகிறதா? வண்டு உள்ளே இருக்கிறது. மருந்தில் ஊறாத கழி. துளைகளில் மரத்துக்கான பூச்சி எண்ணெயை ஊசியால் ஏற்றி மெழுகால் அடைத்துப் பார்க்கலாம், கீழ்க் குழாயில் துளைகள் நெருக்கமாக இருந்தால் அந்த ஃப்ரேமை ஓட்ட வேண்டாம்.

பின்பக்கம் டிஸ்க் பிரேக் போடலாமா என்பது திரும்பத் திரும்ப வரும் கேள்வி. காலிப்பரைத் தாங்கும் தகடு பின் தகட்டோடு சேர்ந்தே வெல்டிங் ஆகியிருந்தால் போடலாம். மூங்கிலில் துளை போட்டுப் பொருத்துவதாக இருந்தால் கூடாது. முன்னால் இரும்பு ஃபோர்க்கில் நல்ல வி-பிரேக், பின்னால் காஸ்டர் ஹப் (பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிப்பது) கிடைத்தால் அது. மூங்கிலில் பிரேக்குக்காகத் துளை போட வேண்டியதே இல்லை, அந்த ஹப்பின் பிரேக் கையை மட்டும் இடப்பக்கக் கீழ்க் கழியோடு பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.